பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி: அடியிலிருந்து வரும் சத்தத்தைப் பிடிப்பது எப்படி

பத்து வருஷம் ஓடிய ஒரு இ-கிளாஸோ 5 சீரிஸோ இன்று புது ஹாட்ச்பேக் விலைக்குக் கிடைத்துவிடுகிறது. சங்கதி வாங்கிய பிறகுதான் தெரியும். தெருமுனை வேகத்தடையில் இறங்கும்போது "டொக்", பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது "கிர்ர்", மழை பெய்த மறுநாள் மட்டும் எந்தச் சத்தமும் இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு "சஸ்பென்ஷன் போச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வண்டிகளில் முன்பக்கத்தில் மட்டும் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் அத்தனை கைகள், அவற்றின் முனைகளில் அத்தனை ரப்பர் புஷ்கள், எல்லாத் திசையிலும் திரும்பும் அத்தனை பால் ஜாயின்ட்கள். எல்லாவற்றையும் மாற்றினால் வண்டிக்குக் கொடுத்த காசில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும், அதற்கப்புறமும் அந்த "டொக்" அப்படியே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முதல் தடவை இப்படி ஒரு வண்டி வாங்கியவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் எழுதுகிறேன். நீங்களே ரிப்பேர் செய்ய வேண்டியதில்லை. எந்தப் பாகம் என்று ஓரளவு நெருங்கிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் போதும், பில் பாதியாகக் குறையும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பிக்காதீர்கள், எப்போது வருகிறது என்று பாருங்கள். அலுமினியக் கைகளும் அவை மாட்டியிருக்கும் அடிச்சட்டமான சப்ஃப்ரேமும் சத்தத்தை நன்றாகக் கடத்தும். இடது பக்க லிங்க் ராட் தட்டுவது டிரைவர் காலடியில் கேட்கும், பின்பக்க ஷாக்கின் மேல் மவுண்ட் தளர்ந்தது டிக்கிக்குள் ஏதோ உருளுவதுபோல் கேட்கும். காது இடத்தைத் தப்பாகச் சொல்லும். எப்போது, எந்த வேகத்தில், எதைச் செய்யும்போது என்பதில் அவ்வளவாக ஏமாற்றாது.

உங்கள் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது

நம் ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் கண்ணில் படும் மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 2009-இலிருந்து 2016 வரை வந்த டபிள்யூ212 இ-கிளாஸில் முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், கீழே ஒரே பெரிய கை இருக்காது, தனித்தனியாக இரண்டு கைகள் இருக்கும். எஃப்10 எனப்படும், 2010-இல் வந்த 5 சீரிஸில் மேலே விஷ்போன் எனப்படும் கவட்டை வடிவக் கை ஒன்று, கீழே இரண்டு கைகள், அதில் ஒன்று முன்னோக்கிப் போகும் டென்ஷன் ஸ்ட்ரட். இந்த 5 சீரிஸ்கள் நமக்கு செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா சிட்டியில் 2007-இல் தொடங்கிய ஆலையிலேயே அசெம்பிள் ஆனவைதான், ஆனால் அடியில் இருக்கும் வடிவமைப்பு தாம்பரம் சர்வீஸ் ரோட்டை நினைத்து வரைந்தது இல்லை. ஆடி ஏ4, ஏ6-இல் முன்னால் ஐந்து இணைப்புகள். ஒவ்வொரு பக்கமும் மேலே மெலிசாக இரண்டு கைகள். இவற்றின் கதை தனி, பின்னால் வருகிறேன்.

இது ஏன் முக்கியம் என்றால், ஊர் கேரேஜில் பாதி நோயறிதல் சின்னக் கார் அனுபவத்திலிருந்து வருகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது "டக டக" என்றால் "ஆக்ஸில் ஜாயின்ட் சார்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். மாருதியில் அது சரி. சாதாரண இ-கிளாஸும் 5 சீரிஸின் 520டி-யும் பின்சக்கரத்தில் ஓடுபவை, அவற்றின் முன்சக்கரத்துக்கு ஆக்ஸிலே கிடையாது! முன்சக்கர ஓட்ட ஆடியிலும், குவாட்ரோ, எக்ஸ்டிரைவ், 4மேட்டிக் என்று பெயர் போட்ட நான்கு சக்கர ஓட்ட வண்டிகளிலும்தான் அந்தச் சந்தேகத்துக்கே இடம் உண்டு.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட், முதலுதவிப் பெட்டி, முக்கோணம், குழந்தை சீட், கதவுப் பையில் தண்ணீர் பாட்டில், கண்ணாடி வைக்கும் பெட்டி, எல்லாம் வெளியே. காலியாக இருக்கும் பின் சீட்டின் பெல்ட்டை மாட்டிவிடுங்கள், அந்த உலோக நாக்கு பிளாஸ்டிக்கில் தட்டுவதை சஸ்பென்ஷன் என்று நினைத்து ஷாக் மாற்றியவர்கள் உண்டு.

அப்புறம் டயர். காற்றழுத்த அட்டை பிஎம்டபிள்யூவில் டிரைவர் கதவுத் தூணிலும், பென்ஸில் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலும் இருக்கும், அதன்படி காற்றை வையுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். ஆறேழு வருஷப் பழைய டயர் கல்லாக இறுகி இருக்கும், அதுவும் பஞ்சரானாலும் ஓடும் பிஎம்டபிள்யூவின் ரன்-ஃப்ளாட் என்றால் ஒவ்வொரு சின்னப் பள்ளமும் அடியில் ஏதோ உடைந்த மாதிரி கேட்கும். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழு, மறு திசையில் ரம்பப் பல் மாதிரி இருந்தால் நீங்கள் கேட்கும் "ஊஊ" பெரும்பாலும் டயரிலிருந்துதான், பேரிங்கை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கடைசியாக வீல் போல்ட். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கியது எவ்வளவு இறுக்கம் என்று யாருக்கும் தெரியாது. டார்க் ரெஞ்ச் ஒன்று கடன் வாங்கியாவது பாருங்கள்: டபிள்யூ212-க்கு 130, எஃப்10-க்கு 140, ஏ4, ஏ6-க்கு 120 நியூட்டன் மீட்டர்.

சத்தத்துக்கு ஒரு டைரி

இரண்டு மூன்று நாள் இதை மட்டும் செய்யுங்கள். சத்தம் வரும் ஒவ்வொரு தடவையும் போனில் குரல் குறிப்பாகச் சொல்லிவிடுங்கள், ஓட்டும்போது எழுத வேண்டாம். வேகம், சாலை, ஸ்டியரிங் நேராகவா திரும்பியா, பிரேக்கில் கால் இருந்ததா, வண்டி சூடாவதற்கு முன்பா பின்பா, மழையா வெயிலா. நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் வருகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல இடம் ஒன்று தேவை. ஒரு பக்கம் நீளமான காம்பவுண்டு சுவர் உள்ள அமைதியான தெரு. கண்ணாடிகளை இறக்கி, ரேடியோவையும் ஏசியையும் அணைத்து, சுவரை ஒட்டி நடை வேகத்தில் போனால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், உள்ளே கேட்பதைவிடப் பத்து மடங்கு தெளிவாக. திரும்பி வந்து மறுபக்கத்தையும் கேளுங்கள். மால்களின் அடித்தள பார்க்கிங் இதற்கு ஆகாது, அங்கே வழவழத்த தரையில் நல்ல டயரே கீச்சிடும்.

இப்போது முக்கியமான சோதனை. ஒரே வேகத்தடையை இரண்டு விதமாக ஏறுங்கள். முதலில் நேராக, இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி. அப்புறம் கோணலாக, ஒரு சக்கரம் முன்னே ஒன்று பின்னே. நேராக ஏறும்போது அமைதி, கோணலாக ஏறும்போது "டக் டக்" என்றால் இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடோ அதன் ரப்பரோதான் முதல் குற்றவாளி, ஏனென்றால் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அந்தப் பாருக்கு முறுக வேலையே இல்லை, ஒன்று மட்டும் ஏறும்போதுதான் அது முறுகி லிங்க்கை இழுக்கிறது. மூன்று வண்டிகளிலும் மலிவாகச் சரியாகும் கோளாறு இது. ஒர்க்‌ஷாப்பில் ஷாக் என்று சொல்லி விற்கப்படுவதும் அதிகம் இதுதான்.

இரண்டு விதத்திலும் வருகிறது என்றால் அடுத்த கேள்வி: பிரேக்கை லேசாக மிதித்தபடி அதே மேடு பள்ளத்தில் போனால் என்ன ஆகிறது? சத்தம் சட்டென்று நின்றுவிட்டால் பிரேக் பேட், காலிப்பரின் பக்கம் பாருங்கள். பேட் மாற்றியபோது அந்தச் சின்ன கிளிப் ஸ்பிரிங்கைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். பிரேக் மிதித்தால் சத்தம் அதிகமாகிறது, அல்லது ரிவர்ஸிலிருந்து முன்னே எடுத்து பிரேக் அடிக்கும்போது ஒரே ஒரு "டொம்" என்றால் கீழ்க் கைகளின் புஷ்.

உள்ளே எண்ணெய் உள்ள ரப்பர்

இந்தப் புஷ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சின்னக் காரில் புஷ் என்றால் உலோக வளையத்துக்குள் கெட்டி ரப்பர், அவ்வளவுதான். இந்த வண்டிகளின் முன் கைகள் சிலவற்றில் ரப்பருக்குள் திரவம் நிரப்பிய அறைகள் இருக்கும். எஃப்10-இலும் அதற்கு முந்தைய இ60-இலும் டென்ஷன் ஸ்ட்ரட்டின் முன் முனையில் அப்படிப்பட்ட ஒன்று இருக்கிறது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி இழுபடும் அதிர்வை அந்தத் திரவம் விழுங்கும். ரப்பர் கிழிந்து திரவம் போய்விட்டால் சத்தத்துக்கு முன்னால் வேறொன்று வரும்: ஓஎம்ஆரிலோ ஈசிஆரிலோ 80, 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாக பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் இட வலமாக நடுங்கும்.

அந்த நடுக்கத்தைக் கேட்டதும் "டிஸ்க் வளைஞ்சிருக்கு" என்று புது டிஸ்க் போடுவார்கள். புது டிஸ்க்கில் சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் புது டிஸ்க் கொடுக்கும் அதிர்வு குறைவு, போன புஷ்கூட அதைத் தாங்கிவிடும். டிஸ்க் கொஞ்சம் தேய்ந்ததும் நடுக்கம் திரும்ப வரும், இன்னொரு டிஸ்க் போடுவார்கள். இதனால் நடுக்கத்துக்கு டிஸ்க் காரணமே ஆகாது என்றில்லை, ஆனால் டிஸ்க்குக்குக் காசு கொடுக்கும் முன் வண்டியை ஹாய்ஸ்ட்டில் ஏற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல புஷ் மங்கிய கறுப்பாக, காய்ந்து, தூசி படிந்து இருக்கும். போனதைச் சுற்றி ஈரமாக ஒரு கறை, அந்த ஈரத்தில் மண் ஒட்டி வடிந்த தடம், ரப்பரில் பிறை வடிவத்தில் ஒரு பிளவு. கம்பியை வைத்து மெதுவாக நெம்பினால் அந்தப் பிளவு வாய் திறக்கும். ரப்பரின் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் மட்டும் இருந்தால் அது வயசு, இன்னும் ஓடும், அதை வைத்துப் பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம்.

ஒரு ஆள் துணைக்கு: ஸ்டியரிங் சோதனை

வீட்டில் யாரையாவது டிரைவர் சீட்டில் உட்காரவையுங்கள். இன்ஜின் ஓடட்டும், கியர் பார்க்கில், ஹேண்ட் பிரேக் போட்டபடி. சக்கரத்தின் மேல் வளைவுக்குள் கையை விட்டு ஸ்பிரிங்கை மெல்லத் தொட்டுக்கொள்ளுங்கள். விரல்கள் சுருள்களுக்கு நடுவே போகக் கூடாது, வெளிப்பக்கம் உள்ளங்கை பட்டால் போதும். சில வண்டிகளில் கை போகவே போகாது, அப்போது பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டில் விரல் வையுங்கள். உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பட்டும். ஸ்பிரிங் சீராகக் கூடவே சுழன்றால் நல்லது. கொஞ்ச நேரம் சுழலாமல் முறுக்கிக்கொண்டு நின்று "டொய்ங்" என்று ஒரே துள்ளலாகத் திரும்பினால் மேல் மவுண்டின் பேரிங் போய்விட்டது. அந்தத் துள்ளல் கையில் தெளிவாகத் தெரியும், சந்தேகமே வராது. இது டபிள்யூ212 மாதிரி ஸ்ட்ரட் வண்டிக்கு. எஃப்10-இலும் ஆடியிலும் ஸ்பிரிங் ஸ்டியரிங்கோடு திரும்பாது, அவற்றில் திரும்பும்போது வரும் கிறீச்சை பால் ஜாயின்ட்களில் தேடுங்கள்.

அப்படியே ஸ்பிரிங்கின் கடைசிச் சுருளையும் பார்த்துவிடுங்கள். பென்ஸில் கீழ்ச் சுருள் துருப்பிடித்து முறிவது சகஜம், முறிந்த துண்டு தட்டிலேயே உட்கார்ந்திருப்பதால் கண்ணில் படாது. வழி சுலபம்: சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இடது வலது இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவு தாழ்ந்திருந்தால் அங்கே தேடுங்கள்.

இப்போது ஸ்டியரிங்கை ஒரு கோடிக்குத் திருப்ப வேண்டாம், நடுவிலேயே வைத்து இட வலமாகச் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள், கடிகாரத்தில் 11-க்கும் 1-க்கும் நடுவே. நீங்கள் டை ராட் எண்டில், அதாவது ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனையில், விரல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரலில் "டிக்" என்று ஒரு தட்டு வந்தால் அந்த ஜாயின்ட்டில் ஆட்டம் வந்துவிட்டது. அந்தத் தண்டுகளை இட வலமாகத் தள்ளும் ஸ்டியரிங் ராக்கின் ரப்பர் பெல்லோவைப் பிடித்துப் பார்த்து அதற்குள்ளே தட்டினால் உள் டை ராட். தட்டு வெளியே எங்கும் இல்லாமல் டேஷ்போர்டுக்குக் கீழே, பெடலுக்கு மேலே வந்தால் ஸ்டியரிங் காலம் ஜாயின்ட். ஸ்டியரிங் வீலுக்குள்ளேயே காகிதம் கசங்குவதுபோல் "சர சர" என்றால் அது ஏர்பேக்குக்கான ரிப்பன் சுருள், சஸ்பென்ஷனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் ஏர்பேக் இருப்பதால் அதைத் தெரிந்தவர் மட்டும் தொட வேண்டும்.

உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கா மின்சார ஸ்டியரிங்கா என்று பானெட்டைத் திறந்தாலே தெரியும், ஆயில் டப்பா இருக்கிறதா பாருங்கள். முதலில் வந்த டபிள்யூ212-களில் பம்ப் இருக்கும், பின்னால் வந்தவற்றில் மோட்டார். பம்ப் உள்ளவற்றில் திருப்பும்போது மாடு முக்குவதுபோல் ஒரு சத்தம் வந்தால் முதலில் ஆயில் அளவு, அப்புறம் ஆயிலில் நுரை. நுரை என்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, பெரும்பாலும் பழைய ஹோஸின் கிளாம்பில். எந்த ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேட்கும் வண்டிக்குப் பச்சை ஆயிலையும், பச்சை கேட்பதற்குச் சிவப்பையும் ஊற்றினால் சீல்கள் கெடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த நிலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் நல்ல பம்ப்பும் முனகும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மின்சார ஸ்டியரிங் வண்டியில், அதுவும் சென்னைப் பதிவு எண் உள்ளதில், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாமிலும் எத்தனை சொகுசு கார்கள் அடித்தள பார்க்கிங்கில் மூழ்கின என்பதை நினைவில் வையுங்கள். ராக்கின் மோட்டார் வண்டியின் அடியிலேயே இருக்கிறது. திருப்பும்போது உள்ளே சொரசொரப்பு, கூடவே சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் சேற்றுக் கோடு என்றால் சத்தத்தை ஆராய வேண்டாம், வண்டியையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில்

மழை நாளில் காணாமல் போகும் கிறீச் சத்தம் ரப்பரிலிருந்தோ காய்ந்துபோன பால் ஜாயின்ட்டிலிருந்தோ வருகிறது. இதைப் பிடிக்கக் காசே வேண்டாம். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்கார்டை அமுக்கி அமுக்கி விடட்டும், கிறீச் வந்துகொண்டே இருக்கட்டும். நீங்கள் ஒரு புஷ்ஷில் மட்டும் தண்ணீர் அடியுங்கள். நிற்கவில்லையா, அடுத்தது. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் அடித்தால் சோதனை வீண், காயும் வரை காத்திருந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்த இடத்தில் ஈரம் பட்டதும் சத்தம் அடங்குகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குப் பதில் துரு நீக்கும் ஸ்பிரேயை அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், சத்தமும் எல்லா இடத்திலும் சேர்ந்து அடங்கிவிடுவதால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். வண்டி விற்கும் சிலர் வாங்குபவர் வருவதற்கு அரை மணி முன்னால் இதைத்தான் செய்கிறார்கள். அடியில் குனிந்து பார்க்கும்போது புஷ்கள் மட்டும் பளபளவென்று ஈரமாக இருந்தால் கேளுங்கள், ஏன் என்று.

ஆடிக்காரர்களுக்கு

வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது பழைய கதவுக் கீல் மாதிரி "கிறீஈஈச்" என்றால் மேல் கைகள். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு. பாகங்கள் கிடைக்கும், விலையும் தாங்கும். சிக்கல் வேறிடத்தில். அந்த இரண்டு கைகளின் பால் ஜாயின்ட்களையும், சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய நக்கிளின் தலையில் ஒரே ஒரு நீள இரும்பு போல்ட் கவ்விப் பிடிக்கிறது. அலுமினியமும் இரும்பும் வருஷக்கணக்கில் ஈரத்தில் சேர்ந்து கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அதுவும் கடற்கரை ஊர்களில். போல்ட் நக்கிளோடு ஒன்றாகிவிடும். அவசரக்காரர் சுத்தியலால் அடித்தால் நக்கிளின் காது உடையும், அதன்பின் நக்கிளே புதிதாக வேண்டும்.

அதனால் ஆடியில் இந்த வேலை கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, அந்த மேல் போல்ட் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் போட்டு ஊறவைப்பேன், சூடு காட்டித் திருப்புவேன், கடைசியில் துளைபோட்டு எடுப்பேன் என்று வரிசையாகச் சொல்பவரிடம் வண்டியை விடலாம். "அதெல்லாம் வந்துடும் சார்" என்பவரிடம் வேண்டாம்.

ஜாக்கி போட்டு

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைக்காமல் தலையைக்கூட உள்ளே விட வேண்டாம். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், அப்புறம் இட வலம் பிடித்து ஆட்டுங்கள். இட வலத்தில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் பக்கம், மேல் கீழில் மட்டும் என்றால் பால் ஜாயின்ட், இரண்டிலும் என்றால் வீல் பேரிங். பேரிங்கை ஓட்டும்போதும் உறுதி செய்யலாம்: 60-க்கு மேல் வரும் முனகல், நீளமான வலது வளைவில் அதிகமாகி இடது வளைவில் குறைந்தால் இடது பக்கப் பேரிங், ஏனென்றால் வலதில் திரும்பும்போது சுமை இடது சக்கரத்தின் மேல் விழுகிறது.

இந்த ஆட்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. பல கைகள் உள்ள சஸ்பென்ஷனில், சக்கரம் தொங்கும்போது ஜாயின்ட்கள் இழுபட்டு இறுகிவிடும், தரையில் நிற்கும்போது இருக்கும் ஆட்டம் தெரியாது. ஆட்டம் இல்லை என்றால் நல்லது என்று அர்த்தமாகாது. சக்கரங்கள் தளத்தில் நிற்கும் நான்கு தூண் லிஃப்ட் உள்ள இடத்தில், ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விரல் வைத்துப் பார்ப்பதுதான் உறுதி.

லிங்க் ராட் மேல் சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரைக் கம்பியால் கட்டிவிட்டு, தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று. சத்தம் போனால் முடிந்தது விஷயம். ஹைவேக்கு அப்படியே போய்விடாதீர்கள், வளைவில் வண்டி சாயும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ளவர்கள், உதாரணமாக ஏர்மாட்டிக் பென்ஸோ ஆடி க்யூ7-ஓ, ஜாக்கி போடும் முன் மேனுவலைப் பார்த்து, உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் லெவலிங்கை நிறுத்துங்கள். இரவு நிறுத்தும்போதும் காலையிலும் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே எத்தனை விரல் என்று பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரில் குமிழி தேடுங்கள். வண்டி எடுத்ததும் "ட்ர்ர்ர்" என்று கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடுகிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம், கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரஸரும் சேர்ந்து எரியும்.

ஒர்க்‌ஷாப்பில்

முதலில் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் ஓட்டி, சத்தத்தைக் காட்டுங்கள். "சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஹாய்ஸ்ட்டில் ஏற்றியதும் "ஆட்டத்தைக் காட்டுங்க அண்ணே, அப்புறம் எஸ்டிமேட் போடலாம்" என்று சொல்லுங்கள், நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பாகங்களை சேசிஸ் நம்பரை வைத்தே தேடுங்கள், மாடல் பெயரை வைத்து அல்ல. ஒரே வருஷ 5 சீரிஸில்கூட எக்ஸ்டிரைவுக்கும் சாதாரணத்துக்கும் கைகள் வேறு. லெம்ஃபோர்டர், டிஆர்டபிள்யூ, மைலே, சாக்ஸ் பெட்டிகளில் வருபவை ஷோரூம் விலையைவிடக் குறைவு, தரத்தில் குறை சொல்ல முடியாது. பெயர் தெரியாத பெட்டியில் நான்கில் ஒரு பங்கு விலைக்கு வரும் கைகளைத் தவிர்த்துவிடுங்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பழைய நக்கிள் வாங்கலாம், சப்ஃப்ரேம் வாங்கலாம், பழைய ரப்பரை மட்டும் வாங்காதீர்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் சேர்த்து மாற்றுவது புஷ், கை, ஷாக் மூன்றுக்கும் பொருந்தும். டை ராட் எண்டுக்கும் பேரிங்குக்கும் அவசியம் இல்லை.

இனி சொல்வதை எழுதியே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் இதில்தான் நல்ல பாகமும் ஒரு வருஷத்தில் போகிறது. புஷ் உள்ள போல்ட்களைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கும், சீக்கிரம் கிழியும், அதுவரை கிறீச்சிடும். வண்டி தன் உயரத்தில் நிற்கும்போதோ, கையை ஜாக்கியால் அந்த உயரத்துக்குத் தூக்கிவைத்தோதான் இறுக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட்களையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சத்தம் ராக்கிலிருந்துதான் என்று முடிவானாலும் அதன் சரிசெய்யும் போல்ட்டைக் கொஞ்சம் திருகிவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அளவு மீறினால் ஸ்டியரிங் திரும்பிய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

சில அறிகுறிகள் வந்தால் ஆராய்ச்சி எல்லாம் அப்புறம், வண்டியை ஓட்டாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்: பால் ஜாயின்ட்டில் கண்ணுக்கே தெரியும் ஆட்டம், திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்ப மறுப்பது, முறிந்த ஸ்பிரிங் முனை டயரை உரசுவது, பேரிங் முனகல் கரகரப்பாக மாறியது.

வேலை முடிந்ததும் நான்கு சக்கர அலைன்மென்ட், அதன் முன் பின் அளவுகள் அச்சடித்த தாள், ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் காலிபரேஷன். கழற்றிய பாகங்களை டிக்கியில் போடச் சொல்லுங்கள். பிறகு டைரியில் குறித்த அதே வேகத்தடையில், அதே வேகத்தில், ஒருமுறை நேராகவும் ஒருமுறை கோணலாகவும் மெக்கானிக்கோடு ஏறி இறங்கிவிட்டுப் பில்லைக் கட்டுங்கள்.